கம்பைல் ஆனது, ஹெடர் மாறிப்போனது

ரூபி நிரல் மொழியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வரும். நான் பராமரிக்கும் வெப் சர்வரில் ஹெச்டிடிபி பார்சர் (வரும் கோரிக்கையைப் பிரித்துப் படிக்கும் பகுதி) மட்டும் சி மொழியில் எழுதி ரூபியோடு இணைத்த எக்ஸ்டென்ஷன். புதிய ரூபி வந்ததும் முதலில் அதைத்தான் கம்பைல் செய்து பார்ப்பேன். எரர் வந்தால் கவலையில்லை. எந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டார்கள் என்று கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும். எரரே இல்லாமல் கம்பைல் ஆகி, டெஸ்டும் பாஸாகி, ஓடும்போது உடைவதுதான் ஆளைக் கொல்லும்.

ரூபி 2.7இல் அதுதான் நடந்தது. கோரிக்கையோடு வழக்கமாக வரும் ஹெடர்களின் (ஹோஸ்ட் போன்ற தகவல் வரிகள்) பெயர்களை ஒருமுறை மட்டும் ஸ்ட்ரிங்காக உருவாக்கி, சி பக்கம் ஸ்டேட்டிக் மாறிகளில் வைத்திருந்தேன். அதே ஸ்ட்ரிங்குகள் ரூபி பக்கம் ஒரு கான்ஸ்டன்ட் அரேயிலும் இருந்தன. அரே பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஜிசி (பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் ரூபியின் பகுதி) அவற்றைத் தொடாது என்ற நம்பிக்கை. 2.6 வரை அது சரிதான். 2.7இல் ஜிசி.காம்பாக்ட் வந்தது. அதைக் கூப்பிட்டால் ஆப்ஜெக்டுகள் மெமரியில் இடம் மாறும். சர்வர் தன்னைப் பல புராசஸ்களாக ஃபோர்க் செய்யும் (நகலெடுக்கும்) முன் கூப்பிட்டால் மெமரி மிச்சமாகும் என்று நானும் சேர்த்தேன். அரேயில் இருந்த முகவரிகளை ரூபி திருத்திக்கொண்டது. என் ஸ்டேட்டிக் மாறிகள் இருப்பதே அதற்குத் தெரியாது. அவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கே வேறு ஆப்ஜெக்ட் குடியேறியது. ஹோஸ்ட் ஹெடரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் லாக் வரியின் ஒரு துண்டு! சில நேரம் நேராக செக்ஃபால்ட், புரோகிராமே செத்துவிடும். இரண்டு நாள் பார்சரையே சந்தேகப்பட்டுத் துருவிக்கொண்டிருந்தேன்.

தீர்வு, மாறிக்கு ஒரு வரி. ஆர்பி_குளோபல்_வேரியபிள் என்று அதன் முகவரியைப் பதிந்துவிட்டால், ஜிசி அந்த ஆப்ஜெக்டை உயிரோடும் வைத்திருக்கும், நகர்த்தவும் செய்யாது. டெஸ்டில் ஜிசி.வெரிஃபை_காம்பாக்ஷன்_ரெஃபரன்சஸ் ஓட்டினால், முடிந்தவரை எல்லாவற்றையும் நகர்த்திப் போடும். இந்த மாதிரித் தவறு உடனே வெளியே வந்துவிடும். சி எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை உங்கள் சிஐயில் (தானாக டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பதிப்பு எண்ணைப் பார்த்து, எந்த வரிகளைக் கம்பைல் செய்வது என்று இஃப்டெஃப் போடுவதை விட்டுவிட்டேன். கம்பைலுக்கு முன் ஓடும் எக்ஸ்ட்கான்ஃப் கோப்பில் ஹேவ்_ஃபங்க் கொண்டு, ஃபங்ஷன் இருக்கிறதா என்றே கேட்கிறேன். ஒரே ஸ்ட்ரிங்கைத் திரும்பத் திரும்ப உருவாக்காமல் இருக்க உதவும் ஆர்பி_இன்டர்ன்ட்_ஸ்ட்ர் 3.0இல்தான் வந்தது. இருந்தால் அது, இல்லையென்றால் சாதாரண ஸ்ட்ரிங்கை உருவாக்கி, மாறாதபடி ஃப்ரீஸ் செய்கிறேன். ரூபி மொழியை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ட்ரஃபிள்ரூபியும் சி எக்ஸ்டென்ஷனை ஓட்டும். அங்கே பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால், அந்த எண்ணுக்குரிய ஃபங்ஷன் எல்லாம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது சிஐ 2.6 முதல் ஒவ்வொரு பதிப்பிலும் ஓடுகிறது. 2.6ஐக் கைவிடச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அதற்காக நான் வைத்திருப்பது மொத்தமே ஒன்பது வரி. அந்த ஒன்பது வரியை நம்பி இன்னும் சிலர் சர்வர் ஓட்டுகிறார்கள், அதனால் எடுக்கவில்லை.