பிசான அறுப்புக்கு நிற்காத சிஸ்டம்: ரைஸ் மில்லில் டெபியன்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பில் போட, எடைமேடையில் லாரி எடை பிடிக்க, கணக்கைச் சேர்த்துவைக்க ஒரு சின்ன சர்வர். எல்லாம் பழைய மெஷின்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். 11 இவற்றில் ஏறாது. மில் முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "என்னத்தையும் போடுடே, பிசான அறுப்பு சமயத்துல மெஷின் நிக்கக்கூடாது, அம்புட்டுதான்" என்றார். பிசானம் எங்கள் பக்கத்து நெல் பருவம்.

அதை வைத்துத்தான், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் வகைகளில் தேடினேன். ஃபெடோராவில் ஒரு வெளியீட்டுக்குச் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. ஆர்ச் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டு லேப்டாப்புக்குச் சரி, மில்லுக்கு ஆகாது. சர்வர் என்றாலே சென்ட்ஓஎஸ் போட்டுப் பழகிய ஆள் நான். 2029 வரை ஆதரவு உண்டு என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8, அதை நடத்திய கம்பெனியின் முடிவால் 2021 டிசம்பரோடு நின்றுபோனது. அதனால் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்தேன். டெபியன் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். மூன்று வருடம் முழு ஆதரவு, அப்புறம் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு. நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும்தான் வரும், மென்பொருளின் பதிப்பு மாறாது. பழைய பதிப்பாக இருக்கிறதே என்று சிலர் குறைப்படுவார்கள். இன்று பார்த்த பொத்தான் நாளையும் அதே இடத்தில் இருப்பதுதான் மில்லுக்குத் தேவை.

போட்டது டெபியன் 12, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப். பில் மென்பொருள் பிரவுசரில் ஓடுவதால் அங்கே சிரமமில்லை. தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் மென்பொருள்களைப் போட்டதும் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. பாமினியில் அடித்த பழைய கடிதங்களுக்கு அந்த எழுத்துருவை நகலெடுத்து வைத்தால் போதும்.

எடைமேடைதான் பயமாக இருந்தது. சீரியல் கேபிளை யுஎஸ்பி கன்வெர்ட்டரில் செருகியதும், தனி டிரைவர் கேட்காமல் 'டிடிஒய்யுஎஸ்பி0' என்று தெரிந்தது. ஆனால் எடை வாசிக்க அனுமதியில்லை. பயனரை, சீரியல் போர்ட்டைத் தொட அனுமதியுள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தோம். நெல் லாரி ஏறியதும் திரையில் எடை ஓடி நின்றது. அண்ணாச்சி எடைமேடை டிஸ்ப்ளேயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. உடனே தொடவில்லை. இன்னொரு பருவமான கார் அறுப்பு முடிந்து மில் ஓய்ந்த பிறகு, பேக்கப் எடுத்து, உதிரி மெஷினில் செய்து பார்த்துவிட்டுத்தான் சர்வருக்குப் போனேன். வெளியீட்டுக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். 13இல், தற்காலிகக் கோப்புகளுக்கான 'டிஎம்பி' அடைவு ராமுக்குப் போய்விடுகிறது, ரீபூட் செய்தால் அதிலிருப்பது அழிந்துவிடும். எடைச்சீட்டுகளைத் தற்காலிகமாக அங்கேதான் போட்டுவந்தோம். முதலில் அதை வேறு அடைவுக்கு மாற்றினேன், அப்புறம்தான் அப்கிரேட்.