அவன் ஊதுவதை மாற்றலாமா?

இரண்டாம் ஆண்டின் நடுவில், நாதஸ்வரம் படிக்கும் ஒரு பையனை என் வகுப்புக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றேன். அந்தச் சரி இன்னும் என்னை விடவில்லை.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அண்ணன், அதாவது எனக்கு மூத்த நாதஸ்வர ஆசிரியர், அலங்காரம் என்ற சுரப் பயிற்சியை மூன்று வேகத்திலும் ஊதவைப்பார், அப்புறம் ராகம், மறுபடி ராகம். உருப்படி, அதாவது இயற்றி வைத்த பாட்டு, அந்தப் பக்கம் போகவே மாட்டார். பாடத்திட்டத்திலோ வர்ணமும் கீர்த்தனையும் இருக்கின்றன. "ஐயா, பரீட்சையில நான் எதை வாசிக்கிறது?" என்றான். அதற்கு மேல் நான் என்ன யோசிப்பது?

அண்ணன் கோபப்படவில்லை. என்னைத் தனியாக அழைத்து ஒன்று மட்டும் சொன்னார்: "தம்பி, உருப்படி எத்தனை வேணும்னாலும் சொல்லிக்கொடுங்க. அவன் ஊதுறதை மட்டும் மாத்திடாதீங்க."

பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றேன். ஆனால் அது நடக்கிற காரியமா? வீணையில் மெட்டு இருக்கிறது, சுரம் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள்தான். விரலைப் பாதி மூடுவதும், ஊதும் முனையான சீவாளியை உதட்டில் பிடிப்பதும், காற்றைக் கூட்டிக் குறைப்பதும் சேர்ந்துதான் 'ம' சுரத்தின் இரண்டு வகைகளான சுத்த மத்யமமும் பிரதி மத்யமமும் பிரிகின்றன. இங்கே ஆசிரியர் பாடத்தில் மட்டும் இருப்பதில்லை, மாணவனின் உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறார்.

அண்ணன் கோயில் புறப்பாட்டில் வளர்ந்தவர். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசித்து சுவாமி புறப்பட்டால், வீதி முழுக்க ராகத்தை விரித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கான நீண்ட, கனத்த மூச்சைத்தான் பையனுக்குக் கொடுத்திருந்தார். கீர்த்தனைக்கு அது போதாது. வார்த்தை எங்கே பிரிகிறது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு நாக்கு வேலை செய்ய வேண்டும். நாக்கால் தட்டி ஊதும் துத்துக்காரம் சொல்லிக்கொடுத்தேன். கனமான சீவாளியை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடச் சொன்னேன். சாகித்தியம், அதாவது பாட்டின் வார்த்தை, தெளிவாக வந்தது. பரீட்சையில் நல்ல மதிப்பெண்.

ஆனால் அவனுடைய தோடி ராகம் சுருங்கிவிட்டது. முன்பு காந்தாரத்தில், அதாவது 'க' சுரத்தில், நின்று அசைத்தால் அறையே நிறையும். இப்போது அங்கே வந்ததும் அடுத்த சுரத்தொடருக்கு அவசரப்படுகிறான்.

மாற்றமே கூடாது என்றும் நான் நினைக்கவில்லை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) உச்ச சுருதியில் ஒலிக்கும் திமிரி என்ற குட்டை நாதஸ்வரத்தை விட்டு, நீளமான பாரி நாயனத்தை எடுத்தார். இன்று நாம் வாசிப்பது அந்த வழியில்தான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறவர்களின் கையும் அதற்கேற்ப மாறியது. ஆனால் அவர் தன் வாசிப்பைத் தானே மாற்றிக்கொண்டவர். இங்கே பையன் கேட்டது உருப்படி மட்டும்தான், மூச்சை மாற்றச் சொல்லி அவன் கேட்கவில்லை. அப்படிப் பார்த்தால் அண்ணன் என்னிடம் வைத்தது பிடிவாதம் அல்ல, பையனின் சார்பில் ஒரு கோரிக்கை என்று தோன்றுகிறது. மறுநாளே, உருப்படி இல்லாமல் அவன் பரீட்சையில் தவறியிருந்தால் யார் பதில் சொல்வது என்றும் தோன்றுகிறது.

போன மாதம் ஊர்த் திருவிழாவில் புறப்பாட்டுக்கு வாசிக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். "ஐயா, பழைய சீவாளியைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டான். போட்டுக்கொள் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்: அது வேண்டும் என்றால் நான் ஏன் எடுக்கச் சொன்னேன்? கீர்த்தனைக்காக. அந்தக் காரணம் இன்றும் சரியாகத்தான் படுகிறது.

ராகத்துக்கு அண்ணனிடம் போய்வா என்று அனுப்பினேன், அவரும் மறுக்காமல் வீட்டில் உட்காரவைத்து ஊதவைக்கிறார். ஆனால் பதிவேட்டில் ஒரு மாணவனுக்கு ஒரு ஆசிரியர் பெயர்தான். அடுத்த வகுப்பு ஒதுக்கீட்டின்போது இரண்டு பேரையும் எழுத முடியுமா என்று கேட்கப்போகிறேன். அண்ணன் இதற்குச் சம்மதிப்பாரா என்பதை இன்னும் அவரிடம் கேட்கவில்லை.