மூன்றாவது மாடி விளக்கு

"பூனையா இருக்கும் அக்கா, நீங்க போங்க" என்றேன். அன்றைக்கு நான் சொன்னது அவ்வளவுதான். சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்த வாக்கியத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

குடியிருப்புப் பராமரிப்பு வேலையில் இருக்கிறவர்களுக்கு இரவு பதினொன்றரை மணி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சம்ப் மோட்டார் ட்ரிப் ஆகி நின்றுவிட்டது. அதை ஓட்டாவிட்டால் காலையில் 48 வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது. டார்ச்சும் டெஸ்டருமாக பம்ப் ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பி பிளாக் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் பை. உள்ளே போகாமல் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடி நின்றார். மூன்றாவது மாடியில் கடைசி வீடு அவருடையது. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து தினமும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்.

"என்னக்கா, சாவியை மறந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. மூணாவது மாடி லைட் எரிஞ்சு அணைஞ்சுது. யாரும் இறங்கி வரல. கதவுச் சத்தமும் கேக்கல."

அதற்குத்தான் அந்தப் பதில். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார், "சரி தம்பி" என்றார். நான் போய்விட்டேன். ரிலேவை ரீசெட் செய்து, மோட்டார் ஓடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்ப இருபது நிமிடம் ஆகியிருக்கும். வாசலில் அவர் இல்லை. மாடிகளில் எங்கேயும் வெளிச்சம் இல்லை. மேலே போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் புகார் எதுவும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து எதிரில் வந்தபோது வழக்கம்போலத் தலையசைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. 'எனக்குத் தெரிந்தவரை' என்ற அந்த இரண்டு சொல்லைத்தான் என்னால் எடுக்க முடியவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லையே.

அந்த விளக்குகளை மாட்டியது நான். அதற்கு முன்னால் படிக்கட்டு விளக்குகள் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தன. பொது மின்கட்டணத்தை எல்லா வீடும் பங்கிட்டுக் கட்ட வேண்டும். பாதி வீடுகளில் அந்தப் பங்கே பாக்கி. யாரையும் குறை சொல்லவில்லை, அந்த வருமானத்தில் அதுதான் நிலைமை. அதனால் ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைகிற சென்சர் விளக்குகளை வாங்கித் தந்தார்கள். சென்சரின் அடியில் சின்னதாக மூன்று திருகு இருக்கும்: எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும், எவ்வளவு தூரத்து அசைவைப் பிடிக்க வேண்டும். நேரத் திருகை 30 வினாடியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அடுத்த மாதமே மீட்டரில் ஓடிய யூனிட் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

அந்த சென்சர் ஆளைப் பார்ப்பதில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு இது தெரியும். உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்புச் சூடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதைத்தான் அது பிடிக்கிறது. குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வந்தால் கொஞ்சம் தாமதிக்கும். அசையாமல் நின்றால் பிடிக்கவே பிடிக்காது. ஆக, விளக்கு அணைந்திருந்தால் அங்கே யாரும் அசையவில்லை என்றுதான் அர்த்தம், யாரும் இல்லை என்று அர்த்தமில்லை.

இதை நான் பயிற்சியில் படித்தவன். அவர் படித்தவரில்லை. ஆனால் தினமும் கீழே நின்று பார்த்துப் பார்த்து அதே இடத்துக்கு அவரும் வந்திருந்தார். படிக்கட்டுச் சுவரில் மாடிக்கு ஒரு ஜன்னல் உண்டு. முற்றத்திலிருந்து பார்த்தால் எந்த மாடியில் எப்போது வெளிச்சம் வருகிறது, எப்போது போகிறது என்று வரிசையாகத் தெரியும். யாராவது இறங்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வரும். பூனை இறங்கினாலும் அப்படித்தான். அன்றைக்கு மூன்றாவது மாடி மட்டும் எரிந்து அணைந்திருக்கிறது. நாலாவதும் எரியவில்லை, இரண்டாவதும் எரியவில்லை. அங்கே அசைந்தது எதுவோ அது அந்த மாடியை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னது இதைத்தான். அதைச் சொல்ல அவருக்கு மூன்று சின்ன வாக்கியம் போதுமாக இருந்தது. சென்சரை மாட்டிய எனக்கு, அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது.

சரி, பூனை என்று சொன்னது அப்படியொன்றும் அபத்தமில்லை. பி பிளாக்கில் பூனைகள் உண்டு. ஒன்று படியோரமாகச் சுருண்டு படுத்திருந்தால் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்திருக்கும், அடுத்த மாடி எரிந்திருக்காது. யாராவது வெளியே வந்து செருப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கதவை அப்படித்தான் சாத்துவார்கள். பத்தில் ஒன்பது தடவை இப்படி ஏதாவதுதான் இருக்கும். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். பத்தாவது தடவைக்காகத்தானே அவர் கீழே நின்றார்.

ஏன் நான் கூடப் போகவில்லை? இதற்கு என்னிடம் ஒன்றுக்கு மூன்று பதில் இருக்கிறது. மோட்டார் நின்றிருந்தது, அது உண்மை. நள்ளிரவை நெருங்குகிற நேரத்தில், தனியாக இருக்கிற ஒரு பெண் பின்னால் நான் படியேறினால் அவருக்கே அது சங்கடமாக இருக்கலாம், பார்க்கிறவர்கள் நாளைக்கு ஒன்று பேசலாம், அதுவும் உண்மை. ஆனால் கூட வரட்டுமா என்று கேட்க எது தடுத்தது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பார். இல்லை, அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறிப் பார்த்திருக்கலாம். பிறகு ஒருநாள் நேரம் பார்த்தேன். மூன்று மாடி ஏறி, கடைசிக் கதவு வரை போய், திரும்பி இறங்க 4 நிமிடம். அந்த 4 நிமிடத்தில் தொட்டி வற்றியிருக்காது.

மூன்றாவது பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் பயமாக இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் என் கண்ணும் தானாக மூன்றாவது மாடி ஜன்னலுக்குத்தான் போனது. பூனை என்று வாய் சொன்னபோது, அது பூனையாக இருக்க வேண்டும் என்று நானே விரும்பினேன். அவரைச் சமாதானப்படுத்தினேனா, என்னையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் பயந்தேன், அதனால் பம்ப் ரூமுக்குப் போனேன். அவரும் பயந்தார், ஆனால் அவர் போக வேண்டிய இடம் மூன்றாவது மாடிதான்.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி அவர் நடக்கிற வழியை நான் நடந்து பார்த்தேன். தோளில் டூல்ஸ் பை, கையில் என் வீட்டுச் சாவி. மூன்றாவது மாடிப் படியின் தலைமாட்டில் சென்சர். அதற்கு எட்டுவது ஆறேழு மீட்டர். அவர் கதவு அதற்கும் அப்பால், நடைவழியின் கோடியில். கதவுக்குப் போய், பையை முழங்காலில் சாய்த்து, சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடி எடுத்துப் பூட்டுத் துவாரத்துக்குக் கொண்டுபோகும்போது அணைந்தது. வெளிச்சத்தில் இருந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். முதல் சில நொடி கையே தெரியாது. விளக்கே இல்லாத நடைவழியில் இதைவிட நன்றாகக் கண் தெரிந்திருக்கும். விரலால் துவாரத்தைத் தடவினேன். சாவி இரண்டு முறை பக்கவாட்டில் வழுக்கி உலோகத்தில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அந்த நேரத்தில் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி எரிய வேண்டுமென்றால் கதவை விட்டு, படிக்கட்டுப் பக்கமாகத் திரும்பி நடந்து, அதாவது எதற்குப் பயப்படுகிறோமோ அந்த இருட்டுக்குள்ளேயே நடந்து, கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். ஆட்டினேன். எரிந்தது. திரும்ப ஓட்டமும் நடையுமாகக் கதவுக்கு.

இதைத்தான் அவர் தினமும் செய்திருக்கிறார். அதற்கு முந்தைய மாதம் இதே விளக்கைப் பற்றி அவர் புகார் எழுதியிருந்தார். பகல் பதினொரு மணிக்குப் போய், ஜன்னலைத் துணியால் மறைத்து, கையை ஆட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: 'சென்சர் வேலை செய்கிறது. குறை இல்லை.' கீழே என் கையெழுத்து. பொய் எழுதவில்லை. சென்சர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அலுவலகத்தில் சொன்னேன். பி பிளாக் மூன்றாவது மாடிக்கு இன்னொரு சென்சர் வேண்டும், நேரத்தைக் கூட்ட வேண்டும் என்றேன். "ஏதாவது சம்பவம் நடந்ததா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் நான் தேடிப் படித்ததெல்லாம் அதற்குப் பதில் கண்டுபிடிக்கத்தான். 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு வளாகங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் சில வளாகங்களுக்கு மட்டும் உயரமான விளக்குக் கோபுரங்கள் கொண்டுவந்து நிறுத்தி, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். வெளியிடங்களில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். பெரிய எண்தான், படித்தபோது கையில் ஆதாரம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதுவும் நடந்தவற்றின் எண்ணிக்கை. வாசலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு வளாகத்தைப் பற்றியும் படித்தேன். 11 மாடிக் கட்டடங்கள் 33. 1950களில் கட்டியது, 1972இலேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய மாடிகளில்தான் நிற்குமாம். மற்ற மாடிக்காரர்கள் படி வழியாகப் போக வேண்டும், அந்தப் படிகள்தான் அவர்களுக்குப் பயமான இடமாக ஆகிப்போயின. அந்த வளாகம் அழிந்ததற்குக் காரணம் பல, லிஃப்டை மட்டும் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு என்னுடைய 30 வினாடியை நினைத்தேன். பகலில் ஒரு மேசை மேல் அது சரியான சிக்கனமாகத்தான் தெரிந்திருக்கும்.

ராத்திரி தாமதமாக வருகிறவர்கள் யாரென்று பார்த்தால், துப்புரவு வேலை, ஆஸ்பத்திரி உதவியாளர், கடை சாத்திவிட்டு வருகிறவர்கள். நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள். வேறு இடம் பார்த்துப் போக முடியாதவர்களும் அவர்கள்தான்.

யாரிடமும் கேட்காமல் ஒருநாள் ஏணி போட்டு ஏறி, நாலு மாடியிலும் நேரத் திருகை 4 நிமிடத்துக்குத் திருப்பிவிட்டேன். ஏறி இறங்க எனக்கு ஆன அதே 4 நிமிடம். வேண்டுமென்றே அப்படி வைத்தேனா, தானாக அமைந்ததா, தெரியவில்லை. மனசு கொஞ்சம் லேசானது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய பேச்சை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டைக் காலி செய்தார். தங்கை வீட்டுப் பக்கம் போவதாகச் சொன்னார். மீட்டர் ரீடிங் எழுதவும் சாவி வாங்கவும் நான்தான் போனேன். சாமானெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நடைவழியில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அடக்க முடியவில்லை.

"இந்த லைட்டோட டைமைக் கூட்டி வெச்சேன் அக்கா. இப்ப கதவைத் திறக்கிற வரைக்கும் எரியுதில்ல?"

"எரியுது தம்பி. பார்த்தேன். நீங்கதான்னு தெரியும்." சாவியை வளையத்திலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஆனா முன்னாடி கீழ நின்னா யாரு எந்த மாடியில நிக்கிறாங்கன்னு ஒரு கணக்கு கிடைக்கும். இப்ப ஒருத்தர் ஏறினா எல்லா மாடியும் சேர்ந்து எரிஞ்சுகிட்டே இருக்கு. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

குறையாகச் சொல்லவில்லை. குரலில் கோபம் எதுவும் இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என்னவென்று நினைவில்லை. அன்றைக்கு மேலே என்ன இருந்தது என்று கேட்க அதுதான் கடைசி வாய்ப்பு. கேட்கவில்லை. அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கதவு வரை வெளிச்சம் இருப்பது நல்லதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சில நாள், அவரிடம் இருந்த ஒரே பாதுகாப்பை நான் பிடுங்கிவிட்டேனோ என்றும் தோன்றும். அந்த வீட்டுக்கு இப்போது வேறு குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இரவு ஷிஃப்ட்தான். நேற்று பதினொன்றரைக்கு வாசலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கிறாளா, மேலே போகத் தயங்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கமாக நடந்தேன்.