ஜிப்சி கிங்கை ஆஃப்ரோடுக்கு மாற்றியது: டயரில் தொடங்கி கடைசி போல்ட் வரை

வண்டி, எம்பிஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் கொண்ட மாருதி ஜிப்சி கிங், சாஃப்ட் டாப். 1298 சிசி, 80 குதிரைசக்தி, வீல்பேஸ் 2375 மி.மீ., எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் கீழே. முன்னும் பின்னும் முழு ஹவுசிங் (ஆக்சிலை மூடிய இரும்புக் குழாய்), நாலு பக்கமும் பிளேட் ஸ்பிரிங் (பட்டை இரும்புகளை அடுக்கிய வில்). இந்த எடைதான் ஜிப்சியின் பெரிய பலம். கனமான ஜீப் புதைகிற சேற்றில் இது மேலாக மிதந்து போய்விடும். அதனால் எந்தச் சாமானைப் பூட்டுவதற்கு முன்னாலும் அதன் எடையைப் பார்த்தோம். 40 கிலோ இரும்பு பம்பரையும் அதன்மேல் வின்ச்சையும் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் இயந்திரம்) முன்பக்கம் தொங்கவிட்டால், மூக்கு சேற்றில் குத்தி நிற்கிற வண்டிதான் கிடைக்கும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆகவே கீழே சொல்லப்போகும் பெரிய வேலைகள் தனியார் நிலத்திலும் போட்டித் தடங்களிலும் ஓடுகிற வண்டிக்கானவை. அங்கே போக வண்டியை டிரக்கில் ஏற்றிப் போவதுதான் முறை. காப்புக்காட்டுக்குள் எந்த ஜிப்சிக்கும் வேலை இல்லை.

வேலை தொடங்குவது ஸ்பானரில் இல்லை, சுத்தியலில். தரைத் தகடு, பின்சக்கர வளைவின் உள்பக்கம், பின் ஷேக்கிள் (பிளேட்டின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் தகடு) பூட்டும் இடத்தில் சேஸ், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் நல்லது. மந்தமான சத்தம் வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ, முதல் செலவு அங்கேதான். துருப்பிடித்த சேஸில் லிஃப்ட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் வேலை) போட்டால், நீண்ட ஷேக்கிள் கொடுக்கும் நெம்புவிசையில் மவுண்ட் பிய்ந்து வந்துவிடும்.

அடுத்து முன் நக்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம். ஜிப்சியின் ஸ்டியரிங் 50 கி.மீ. வேகத்தில் படபடவென்று அடித்தால் எல்லோரும் டயர் பேலன்சிங் செய்யப் போவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, நக்கிள் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். டை ராடை (இரு நக்கிளையும் இணைக்கும் தண்டை) கழற்றி, நக்கிளின் பின்னால் உள்ள ஆயில் சீலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, டை ராடு பூட்டும் துளையில் மீன் கடைத் தராசுக் கொக்கியை மாட்டி இழுங்கள். நக்கிள் திரும்பத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மேல் கிங்பின்னின் அடியில் உள்ள ஷிம்களில் (மெல்லிய தகடுகளில்) ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஷிம் எடுத்தும் ஏறவில்லை, அல்லது திருப்பும்போது கரகரப்பு தெரிகிறது என்றால் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். நக்கிளுக்குள் கிரீஸுக்குப் பதில் கருப்பாகக் கியர் ஆயில் கசிந்திருந்தால் ஹவுசிங் உள்சீல் போய்விட்டது என்று பொருள். பெரிய டயர் போடும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. 31 அங்குல டயரோடு தேய்ந்த கிங்பின் சேர்ந்தால் அந்த ஸ்டியரிங்கைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

இனி டயர். லிஃப்ட் எவ்வளவு, கியர் எது, ரிம் எது என்பதையெல்லாம் தீர்மானிப்பது இதுதான். லிஃப்ட் போட்டால் டிஃப்ரன்ஷியலுக்கும் (ஹவுசிங்கின் நடுவே இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் உருண்டை) தரைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. உயர்வது சேஸும் பாடியும்தான். டிஃப்ரன்ஷியலை உயர்த்த ஒரே வழி டயர், அதுவும் விட்டத்தில் கூடுகிற அளவில் பாதிதான் கிடைக்கும். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. இதை 215/75 ஆர்15 ஆக்கினால் 703 மி.மீ.; பழைய 5.5 அங்குல ரிம்மிலேயே உட்காரும், லிஃப்ட் இல்லாமலே பெரும்பாலும் ஓடும். தோட்டப் பாதைக்கு இது போதும். 235/75 ஆர்15 என்றால் 733 மி.மீ., டிஃப்ரன்ஷியல் 33 மி.மீ. உயரும். ஆனால் இதற்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும்; நாங்கள் போட்டது 7 அங்குலம். 31 அங்குலம் 787 மி.மீ.; அதைப் போட்டால் வண்டியில் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எங்கள் தேர்வு 235/75, மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்). காரணம் கியர். டயர் கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிதானால் கியர் அதே அளவு நீண்டுவிடும். லோவில் (இழுவை கூடுதலான கியர் நிலையில்) மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் கிளட்சைத் தேய்க்க வேண்டிவரும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஹவுசிங்குகளுக்குப் பிரித்து, ஹை, லோ கியர் தரும் பெட்டி), கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. கிங்கின் கேஸ் விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268. பழைய 410 ஜிப்சியின் கேஸ் 1.580, 2.511. அதாவது ஹையில் 12, லோவில் கிட்டத்தட்ட 11 சதவீதம் குட்டைக் கியர். 235 டயர் தின்ற 10 சதவீதம் அப்படியே திரும்பிவரும். 31 அங்குலத்துக்கு இந்தக் கேஸ் போதாது, இன்னும் 6 சதவீதம் பாக்கி நிற்கும். அதற்கென்று வெளிநாட்டில் வரும் 4:1-க்கு மேற்பட்ட லோ கியர் கிட்டுகள் உண்டு, விலையும் அதற்கேற்றாற்போல இருக்கும்.

410 கேஸைப் பழைய சாமான் கடையில் வாங்கும்போது இன்புட் ஃபிளாஞ்சையும் (சாஃப்டைப் போல்ட்டில் பூட்டும் வட்டத் தகடு) இரண்டு அவுட்புட் ஃபிளாஞ்சையும் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் பேரிங் செலவு நிச்சயம். ஃபிளாஞ்சின் போல்ட் துளைகள் உங்கள் புரோப்பெல்லர் சாஃப்டோடு பொருந்துமா என்று அங்கேயே அளந்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் கிங்கின் ஃபிளாஞ்சை மாற்றிப் பூட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பூட்டும்போது மூன்று ரப்பர் மவுண்டும் புதிதாக இருக்கட்டும். பழைய ரப்பர் லோவில் முறுக்கு வந்ததும் கேஸைத் திருகவிடும். அப்போது கியர்பாக்ஸிலிருந்து வரும் குட்டை சாஃப்டின் கிராஸ்தான் (மடங்கும் மூட்டு) முதலில் உடையும். கேஸுக்குள் 0.8 லிட்டர் 80டபிள்யூ-90 ஆயில்.

லிஃப்டில் மூன்று வழி. நீண்ட ஷேக்கிள் மலிவு. 50 மி.மீ. நீளம் கூட்டினால் 25 மி.மீ.தான் உயரும். ஜிப்சியில் முன் ஷேக்கிள் பிளேட்டின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பிளேட் மூக்குப் பக்கம் சரிந்து, ஹவுசிங் முன்னோக்கி உருளும், காஸ்டர் (கிங்பின் அச்சின் பின்சாய்வு) குறையும். கம்பெனி காஸ்டரே சுமார் 3.5 டிகிரிதான். அதிலும் குறைந்தால் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வண்டி சாலையில் அலையும். பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைத் திருத்தலாம். அலுமினிய ஆப்பு நசுங்கிவிடும், இரும்பில் கடைந்தது வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்பிரிங் பட்டறையில் பழைய பிளேட்டையே வளைவு ஏற்றுவது. சில மாதத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். காசுக்குக் கேடு. புதிதாக 50 மி.மீ. உயரமான பிளேட் செட்டும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் போடுவதுதான் சரி. 235 டயருக்கு இது போதும், முன் ஃபெண்டர் விளிம்பைக் கொஞ்சம் மடித்துவிட்டால் முழுத் திருப்பிலும் உரசாது. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

மூன்றாவது ஸ்பிரிங் ஓவர். ஜிப்சியில் பிளேட் ஹவுசிங்குக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே கொண்டுபோவது. ஒரே அடியில் சுமார் 5 அங்குலம் உயரும், ஹவுசிங்குக்கு அடியில் தொங்கிப் பாறையில் மாட்டும் யு போல்ட் தகடும் போய்விடும். பிளேட்டும் மென்மையாகவே இருப்பதால் சக்கரம் நன்றாக மடங்கித் தரையைப் பிடிக்கும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் இது தொடர் வேலை, பாதியில் விட முடியாது.

ஹவுசிங் மேல் புதிய இருக்கைத் தகடு பற்ற வைக்க வேண்டும். முன்பக்கம் வலதில் டிஃப்ரன்ஷியல் அருகே இடம் குறைவு, அந்தத் தகட்டை ஹவுசிங்கின் வளைவுக்கேற்ப வெட்டித்தான் பொருத்த முடியும். முதலில் பொட்டு வெல்டிங் மட்டும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முழு எடையும் விழுந்த பிறகு கோணம் பாருங்கள். பின்பக்கம் பினியனின் (டிஃப்ரன்ஷியலில் சாஃப்ட் பூட்டும் கியர்) முகமும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சாஃப்டின் இரு கிராஸும் ஒரே கோணத்தில் மடங்கும், அதிர்வு வராது. முன்பக்கம் பினியனுக்காக ஹவுசிங்கை உருட்டாதீர்கள், உருட்டினால் காஸ்டர் போகும். முன்னால் காஸ்டருக்குத்தான் முதல் மரியாதை. கோணம் சரியான பிறகு ஆக்சிலும் சீலும் கழற்றிவிட்டு, பேட்டரி, ஈசியூ (இன்ஜின் கணினி) இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங்குக்கு ஒட்டியே மாட்டி முழு வெல்டிங் செய்யுங்கள். கிளாம்ப் தூரத்தில் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். ஒரே மூச்சில் பற்ற வைத்தால் ஹவுசிங் குழாய் வளையும். ஓர் அங்குலம் இந்தப் பக்கம், ஓர் அங்குலம் அந்தப் பக்கம், நடுவில் ஆறவிட்டுச் செய்ய வேண்டும்.

இனி ஸ்டியரிங். சேஸில் இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸ் 5 அங்குலம் மேலே போய்விட்டது, நக்கிள் கீழேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் டிராக் லிங்க் என்ற தண்டு நடுவில் மிகவும் சரிந்து நிற்கும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். இசட் வடிவில் வளைத்த லிங்க் போடுவது மலிவான வழி. ஆனால் அந்த வளைவு ஸ்பிரிங் மாதிரி நெளிவதால் ஸ்டியரிங்கில் தாமதம் தெரியும், விரிசலும் விடும். நக்கிள் மேல் உயர்ந்த ஆர்ம் பூட்டி, லிங்க்கைப் பிளேட்டுக்கு மேலாகக் கொண்டுபோவதே எங்கள் பரிந்துரை. இந்த ஆர்மை லோக்கல் லேத்தில் தகட்டை வெட்டிப் பற்ற வைத்துச் செய்வதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஸ்டியரிங் பாகம் முழு இரும்புக் கட்டையிலிருந்து கடைந்ததாக இருக்க வேண்டும்.

பின்பக்கம் இன்னொரு தொல்லை. பிளேட் மேலே போனதும், லோ கியரில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஹவுசிங் உருண்டு பிளேட்டை எஸ் வடிவில் முறுக்கும். பினியன் மேல்நோக்கித் தூக்கி, கிராஸ் முட்டி, சாஃப்ட் உடைவது இப்படித்தான். ஹவுசிங்கிலிருந்து சேஸ் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு டிராக்‌ஷன் பார், முன்முனையில் சிறு ஷேக்கிளோடு பூட்டினால் இது அடங்கும். ஷேக்கிள் இல்லாமல் நேராகப் பூட்டினால் சக்கரம் மடங்காது.

எந்த லிஃப்டாக இருந்தாலும் கடைசியில் ஒரு சோதனை. ஒரு பக்க முன்சக்கரத்தையும் மறுபக்கப் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றுங்கள். தொங்குகிற சக்கரத்தில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா, ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபடுகிறதா, சாஃப்டின் ஸ்பிளைன் (நீள்வாக்குப் பற்கள் வெட்டிய முனை) எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் ஓவரில் பழைய ஹோஸ் கட்டாயம் போதாது. அமுங்கிய சக்கரத்தில் ஷாக் முட்டும் முன் பம்ப் ஸ்டாப் (ஹவுசிங் மேலேறுவதைத் தடுக்கும் ரப்பர் முட்டு) முட்ட வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள். உயரம் ஏறிய ஜிப்சி பக்கச் சரிவில் எளிதாகக் கவிழும் என்பதையும் மறக்க வேண்டாம். சக்கரங்களின் இடைவெளி 1300 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கிறது.

லாக்கர் (டிஃப்ரன்ஷியலைப் பூட்டி இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பாகம்) போடுவதாக இருந்தால் பின்பக்கம் மட்டும் போதும். வாங்கும் முன் ஆக்சில் ஸ்பிளைனை எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் லாக்கர் போட்டு முழுத் திருப்பில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் நக்கிளுக்குள் இருக்கும் சிவி ஜாயின்ட் (திரும்பிய சக்கரத்துக்கும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) சிதறும்.

தண்ணீருக்கு இரண்டு வேலை. டிஃப்ரன்ஷியல் பிரீதர்களை (காற்றுத் துளைகளை) 8 மி.மீ. ஹோஸ் போட்டு இன்ஜின் அறையின் மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஸ்னார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டால் ஐட்லிங்கில் அதன் வாயை உள்ளங்கையால் இறுக மூடுங்கள். இன்ஜின் சில நொடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ ஓர் இணைப்பு காற்று வாங்குகிறது. காற்று வாங்கும் இடம் தண்ணீரும் வாங்கும், கனெக்டிங் ராடு வளையும்.

மீட்புக்கு முன்னும் பின்னும் சேஸில் 10.9 கிரேடு போல்ட்டில் பூட்டிய கொக்கித் தகடுகள், 4.75 டன் டி ஷேக்கிள் (கயிறு மாட்டும் டி வடிவ வளையம்), ஒரு கைனெட்டிக் கயிறு (இழுபட்டு மீளும் மீட்புக் கயிறு). பம்பரிலும் டோ பாலிலும் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. அறுந்து வந்த இரும்பு ஆளைக் கொல்லும். டயர் காற்று: இந்த எடைக்குக் கல் பாதையில் 18 பிஎஸ்ஐ, மணலிலும் சேற்றிலும் 12 முதல் 14. 10-க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

பூட்டிய யு போல்ட் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், பழையவை நீண்டிருக்கும். முதல் 100 கி.மீ. ஓடியதும் அவற்றை மறுபடி முறுக்குங்கள், ஏனென்றால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தளர்வு கொடுத்திருக்கும். ஆழமான தண்ணீரில் இறங்கிய மறுநாள் காலை, வண்டியை அசைக்கும் முன், டிரெய்ன் பிளக்குகளை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, முதலில் அதுதான் வரும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் முழுவதையும் இறக்கி முன்னால் 2 லிட்டர், பின்னால் 1.5 லிட்டர் புதிது ஊற்றுங்கள்.