ஈர்க்குச்சிக் காம்பில் காகித ரோஜா

லீவு விட்டதும் அக்கா பிள்ளைகள் இரண்டும் வந்து இறங்கிவிட்டார்கள். காலையிலிருந்து டிவி ரிமோட்டுக்குச் சண்டை. சரி என்று கிரேப் பேப்பர் வாங்கி வந்து பூ செய்ய உட்கார்ந்தோம்.

இந்தப் பேப்பரில் ஓடும் சுருக்கக் கோடுகள் இதழின் நீளவாக்கில் வரும்படி வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து மெல்ல விலக்கினால் இதழ் அழகாகக் குழியும். குறுக்கே வெட்டினால் இழுபடாது, கிழிந்துதான் போகும். அப்புறம் ஓரத்தைப் பென்சிலில் சுருட்டி எடுத்தால் ரோஜா இதழ் ரெடி. காம்புக்குக் கம்பி வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கையைக் கிழித்துவிடும். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியே போதும், கூர்முனையை நறுக்கிவிடுங்கள்.

பசையைக் கொஞ்சமாகத் தொடச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்கும். சின்னவள் விரலெல்லாம் மருதாணி வைத்த மாதிரி சிவந்து கிடக்கிறது.

பெரியவனுக்கு நீல ரோஜா, கறுப்பு இலைதான் வேண்டுமாம். தாராளமாகச் செய்யடா என்றேன். "ரோஜான்னா சிவப்புதான்" என்று ஆரம்பித்தால் கத்தரிக்கோலை நம்மிடமே கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

இப்போது சின்னவள் தன் பூவைப் பாட்டி கொண்டையில் வைத்தே தீருவேன் என்று நிற்கிறாள். பாட்டியோ, "குச்சி குத்துதுடி, விடு" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.