ஏழு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் கடை

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அறுபது வெள்ளி கொடுத்து வாங்கிய கனமான பித்தளைப் பூட்டு, அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்சந்துக் கதவு அரையடி திறந்திருந்தது. கொண்டியைக் கதவோடு பிடித்திருந்த நான்கு திருகாணிகளும் வெளிப்பக்கம் பார்த்து இருந்தவை. அவற்றைக் கழற்றி, கொண்டியையும் பூட்டையும் சேர்த்து ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். கழற்றிய திருகாணிகள் சன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தன. அவசரப்படாமல் செய்த வேலை.

2024 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை அது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா வாங்கிப் போட்ட ஈரடுக்குக் கடைவீடு. அவர் இருந்தவரை பாத்திரக்கடை நடத்தினார். பிறகு உணவகத்துக்கு வாடகைக்கு விட்டோம். அவர்கள் பிப்ரவரி கடைசியில் காலி செய்தார்கள். மார்ச்சில் நோன்பு, ஏப்ரலில் பெருநாள் என்று நாள் ஓடிவிட்டது. நான் இருப்பது ஜூரோங் வெஸ்டில், வேலை துவாஸில். வாரம் ஒருமுறை வந்து முன்பக்க ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போவேன். பின்சந்துக்கு ஒருநாளும் போனதில்லை. இதை எழுதுவதே அதனால்தான். காலிக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் முன்பக்கத்தை மட்டுமே பார்க்கிறோம்.

சரி, உள்ளே என்ன போயிருந்தது? பின்கூரையில் இருந்த இரண்டு ஏர்கான் கம்ப்ரசர்கள். அவற்றிலிருந்து கீழே இறங்கும் செப்புக் குழாய்கள் முழுவதும். சுவரில் வெட்டுப்பட்ட குழாய் முனை புதுக் காசு போலப் பளபளத்தது. குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு நுரை உறை பாம்புச் சட்டை மாதிரி தரையில் நீளமாகக் கிடந்தது. மேல்மாடியில் மின்கம்பிகளை உருவியிருந்தார்கள். சமையலறையின் எவர்சில்வர் தொட்டியைப் பெயர்க்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார்கள். செம்பை எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசைவிட, அதை மறுபடி பொருத்த எங்களுக்கு ஆன செலவு பல மடங்கு. நல்லவேளையாக, உணவகத்தார் போகும்போதே மீட்டருக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயை மூடியிருந்தோம். இல்லாவிட்டால் சுவர் பொதுவாக உள்ள பக்கத்துக் கடைக்கும் வெள்ளம் போயிருக்கும்.

மேல்மாடி மூலையில் இன்னொன்று இருந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் ஒரு பாயை ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். இதைத் திருட வந்தவர்கள் வைத்திருக்க மாட்டார்கள் என்று அப்போதே தோன்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் தொடாமல் வெளியே வந்து போலிசைக் கூப்பிட்டேன். கைரேகை இருக்கலாம் என்பதால் கதவைக்கூட மூடவில்லை. வந்த அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள். கம்ப்ரசரின் சீரியல் நம்பர் என்ன? கடைசியாக உள்ளே பார்த்தது எப்போது? சாவி யார் யாரிடம் இருக்கிறது? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. சாவிக் கணக்கை அன்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான்கு, உணவகத்தார் திருப்பித் தராதவை குறைந்தது மூன்று, ஏர்கான்காரரிடம் ஒன்று, வீட்டு முகவரிடம் இரண்டு. பத்துச் சாவி ஊரில் உலவிக்கொண்டிருந்தது. காணாமல்போன கம்ப்ரசர்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்து காப்புறுதி. இங்கேதான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. கடை தொடர்ந்து 30 நாளுக்குமேல் ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் திருட்டுக்கும் வேண்டுமென்றே செய்யும் சேதத்துக்கும் இழப்பீடு இல்லை என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்து. வருடா வருடம் சந்தா கட்டினோமே தவிர, அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. ஒரு வெள்ளிகூட வரவில்லை. உங்கள் கடையை வாடகைக்காரர் காலி செய்யும் அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிலர் கூடுதல் சந்தா கேட்பார்கள், சிலர் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்வார்கள். எதுவானாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வாடகை இல்லையே, வரியாவது குறையுமா என்று மச்சான் கேட்டார். குறையாது. காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்குச் சொத்து வரியைத் திருப்பித் தரும் சலுகை 2014 ஜனவரி 1ஆம் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆண்டு மதிப்பில், அதாவது கடைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கக்கூடிய வாடகை என்று வரித்துறை போடும் கணக்கில், 10 விழுக்காடு; ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

காவலுக்கு ஆள் போடலாமா என்று விசாரித்தேன். பாதுகாவல் அதிகாரி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். படிப்படியாக உயரும் சம்பள முறைப்படி 2024இல் அவருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2,650 வெள்ளி. இரவும் பகலும் என்றால் இரண்டு ஆள், விடுமுறைக்கு மாற்று ஆள் வேறு. வாடகை வராத ஒரு கடைக்கு அது கட்டாது. தெரிந்த வெளிநாட்டு ஊழியர் யாரையாவது ராத்திரியில் படுக்க வைத்து ஏதோ கொடுத்தால் போச்சு என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யவே கூடாது. வேலை அனுமதிச் சீட்டில் உள்ள முதலாளியிடம், அதில் உள்ள வேலையை மட்டும்தான் அவர்கள் செய்யலாம். மாட்டினால் நமக்கு அபராதம், அந்தப் பிள்ளைக்குப் பிழைப்பே போகும். கடைசியில் ஒரு பாதுகாவல் நிறுவனத்தோடு, இரவில் இரண்டு தடவை வந்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் படம் அனுப்புவது என்று பேசி முடித்தேன். மாதம் சில நூறு வெள்ளியில் முடிந்தது.

கதவு வேலையில்தான் அதிக நாள் போனது. லிட்டில் இந்தியா 1989 ஜூலையிலிருந்து பாதுகாக்கப்பட்ட வட்டாரம். முகப்பில் கைவைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய மரச் சன்னல்களை ஆணியடித்துப் பலகையால் மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அண்ணே, பலகை அடிச்சா இங்க ஆள் இல்லேன்னு ஊருக்கே போர்டு வச்ச மாதிரி ஆயிடும்" என்றார். சன்னல்களுக்கு உட்பக்கமாகக் கம்பி போட்டோம். பின்கதவை இரும்புக் கதவாக மாற்றி, கீல்களை உட்பக்கம் வரவைத்து, கொண்டிக்குத் திருகாணி வேண்டாம் என்று கதவுக்குள் துளை போட்டு மறுபக்கம் நட்டு முடுக்கும் போல்ட் வைத்தோம். போல்ட்டின் தலை வழவழவென்று உருண்டையாக இருக்கும், எந்தக் கருவியும் பிடிக்காது. நான்கு போல்ட்டுக்கும் சேர்த்து ஆன செலவு பழைய பூட்டின் விலைகூட இல்லை. பூட்டுகள் எல்லாம் மாற்றி மூன்றே மூன்று சாவி. யார் வாங்கினாலும் நோட்டில் கையெழுத்து.

கூரையையும் மறக்க வேண்டாம். கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, ஒரு கடையின் பின்கூரையில் ஏறினால் வரிசையில் உள்ள எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். வெளிச்சமும் காற்றும் வர கடைவீட்டுக்குள் விட்டிருக்கும் காற்றுவெளிக்கு மேலே இருந்த திறப்புக்கும் கம்பிவலை போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மின்சாரக் கணக்கை மூடாதீர்கள். பணம் மிச்சம் என்று நானும் மூடப் போனவன்தான். ஆனால் மின்சாரம் இல்லாவிட்டால் கேமராவும் இல்லை, விளக்கும் இல்லை. உரிமம் உள்ள மின்பணியாளர் வந்து டிபி பாக்ஸில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இரண்டு இணைப்பை மட்டும் விட்டு மற்றதை நிறுத்தினார். சிம் கார்டு போட்ட கேமரா முன்னே ஒன்று, பின்சந்தில் ஒன்று. மேல்மாடி விளக்கு இரவு ஏழுக்கு எரிந்து பதினொன்றரைக்கு அணையும்படி டைமர். கேமரா இருப்பதைத் தெரியப்படுத்த வேண்டும் என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் எதிர்பார்ப்பு, அதனால் ஆங்கிலம், தமிழ், சீனம், வங்காளம் நான்கிலும் அறிவிப்பு ஒட்டினேன். பக்கத்துக் கடை வாசல் படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்பியும் வைத்தோம்.

அஞ்சடியைப் பற்றி, அதாவது கடை முன்னால் கூரைக்குக் கீழே உள்ள நடைபாதையைப் பற்றி, ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள், சாப்பிடுவார்கள். திருட்டு நடந்த கோபத்தில் அங்கே சங்கிலி கட்டிவிடலாம் என்று நினைத்தேன். பூமாலை கட்டும் எதிர்க்கடை அக்கா என்னைத் தடுத்தார். "தம்பி, அவங்க இருக்கிற வரைக்கும்தான் உன் கடைக்குக் காவல். அவங்க போன பிறகு நடக்கிறதைப் பாரு." உண்மைதான். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822 நகரத் திட்டத்திலேயே வழிப்போக்கருக்காக விடச் சொன்ன பாதை அது, அதை அடைக்க நமக்கு உரிமையும் கிடையாது. அந்த அக்காதான் அதன் பிறகு தினமும் ஷட்டரில் செருகும் விளம்பரத் தாள்களை எடுத்தார், கடிதங்களைச் சேர்த்து வைத்தார். ஷட்டர் இடுக்கில் பத்து நாள் தாள் மஞ்சளாகித் தொங்கினால் அதைவிட வேறு அழைப்பு வேண்டாம்.

கொசு வேறு. ஆளில்லாத இடத்தில் கழிவறைத் தொட்டியும் தரை வடிகால் குழியும் டெங்கிக் கொசுவுக்குத் தொட்டில். வாரா வாரம் தண்ணீர் ஊற்றி விடுவேன், குழிகளை மூடிவிட்டு வருவேன். தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் சோதனைக்கு வந்தபோது கதவைத் திறந்துவிட ஆள் இருந்ததே போதுமானதாக இருந்தது.

ஜூலையில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது. பின்சந்துக் கேமராவில் ஒருவர் எங்கள் இரும்புக் கதவை ஒட்டி அட்டை விரித்துக்கொண்டிருந்தார். அதே மாதிரிப் பாய். டாக்சி எடுத்துப் போனேன். அறுபதைத் தாண்டிய தமிழர். நான் கேட்பதற்கு முன்பே எழுந்து பாயை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஐயா, மேல்மாடியில படுத்திருந்தது நீங்களா?"

"கதவு தொறந்துதான் கெடந்துச்சு தம்பி. மழை. எதையும் தொடல."

நம்பினேன். குற்ற நோக்கத்தோடு அத்துமீறி நுழைந்தால் சிறைகூட உண்டு என்று அறிவிப்புப் பலகைக்காகப் படித்து வைத்திருந்தேன், அந்த நேரத்தில் அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மகளோடு மனத்தாங்கல், வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள், அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000க்கு அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். சமய அமைப்புகளும் தொண்டு அமைப்புகளும் இரவில் தங்க இடம் தருகின்றன என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு வாரத்தில் ஓர் இடம் கிடைத்தது. காலிக் கடை வைத்திருப்பவர்கள் அந்த எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருபவர்கள் எல்லாரும் திருட வருவதில்லை.

செப்டம்பர் கடைசியில், தீபாவளி வியாபாரத்துக்காக அகல்விளக்கும் கோலப்பொடியும் விற்பவர் ஒருவர் கடையை எடுத்தார். பிடித்துப் போய் ஜனவரியிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். சாவி கொடுத்த அன்று ஒவ்வொரு அறையையும் இருவருமாகப் படம் எடுத்தோம், புதுக் கம்ப்ரசர்களின் சீரியல் நம்பரை எழுதினோம். அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு சாவியை வாங்கிக்கொண்டார். மூன்றாவது சாவியை எதிர்க்கடை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அடியில் அத்தா பெயருக்கு வந்த ஒரு கடிதமும் இருந்தது.