ரத்தான ஃபிளைட்டுக்குக் காரணம் கேட்டு வாங்கிய அனுபவம்

நாங்கள் இருப்பது டெரஸ் என்ற ஊரில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வடமேற்கு மூலையில், ஸ்கீனா ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். வான்கூவருக்குக் காரில் போனால் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். கிரேஹவுண்ட் பஸ் 2018-இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த அரசு பஸ் வாரத்தில் சில நாள் மட்டும்தான். ரயிலும் வாரத்துக்கு மூன்று முறைதான். அதுவும் பிரின்ஸ் ஜார்ஜில் ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். பெரிய ஊர்களில் இருப்பவர்களுக்கு விமானம் என்றால் விடுமுறைப் பயணம். எங்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி.

என் வீட்டுக்காரருக்கு ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அந்த வசதி இங்கே இல்லை; வான்கூவர் போனோம். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. திரும்பும் நாள் மாலை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது போனில் செய்தி வந்தது: பணியாளர் பற்றாக்குறையால் உங்கள் ஃபிளைட் ரத்து, மறுநாள் மாலை ஃபிளைட்டில் இடம் போட்டிருக்கிறோம். கவுன்ட்டரில் ஹோட்டல் கேட்டோம். "வானிலையால் ரத்தானதற்கு ஹோட்டல் கிடையாது" என்றார்கள். செய்தியில் பணியாளர், கவுன்ட்டரில் வானிலை. இவர் மருந்து மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "விடும்மா, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் எங்கள் காசிலேயே அறை எடுத்தோம்.

எங்கள் ஊரில் வானிலை உண்மையிலேயே மோசம்தான். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானம் திரும்பிப் போவது குளிர்காலத்தில் சகஜம். அப்படித் திரும்பிப் போகும் விமானி மேல் யாருக்கும் கோபம் கிடையாது. ஆனால் அன்று மாலை வேறொரு விமானம் டெரஸில் இறங்கியிருந்தது. விமானங்களைக் காட்டும் செயலியில் அதைப் பார்த்ததும் திரையைப் படம் பிடித்து வைத்தேன். முதலில் வந்த செய்தியையும் அப்படியே எடுத்து வைத்தேன். பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டு படங்களால்தான்.

காரணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் (2019-இல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தவை) எல்லாவற்றையும் காரணத்தை வைத்தே பிரிக்கின்றன. நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால், வேறு ஃபிளைட்டில் இடம் தர வேண்டும், சொன்ன காலத்துக்குள் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். கையில் உள்ள காரணம், ஆனால் பாதுகாப்புக்காகத் தவிர்க்க முடியாதது என்றால், சாப்பாடும் இரவு தங்க இடமும் தர வேண்டும். முழுக்கக் கையில் உள்ள காரணம் என்றால்தான் இவற்றோடு இழப்பீடும் உண்டு. பெரிய நிறுவனம் என்றால் ஊர் சேருவதில் 3 முதல் 6 மணி நேரத் தாமதத்துக்கு 400 டாலர், 6 முதல் 9 மணி வரை 700, அதற்கு மேல் 1,000. இது ஒவ்வொரு பயணிக்கும். சின்ன நிறுவனத்துக்கு 125, 250, 500. எங்கள் ஊருக்கு வரும் சிறு விமானங்களில் சில, பெரிய நிறுவனத்தின் பெயரில் வேறொரு கம்பெனி ஓட்டுபவை. அப்படி ஓட்டினாலும் பெரிய நிறுவனத்துக்கான தொகையே பொருந்தும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆக, "பணியாளர்" என்ற சொல் "வானிலை" என்று மாறினால் ஆளுக்கு ஆயிரம் டாலரும் ஹோட்டல் செலவும் போய்விடும்.

முதல் படி, நிறுவனத்திடமே எழுத்தில் கேட்பது. பயணத் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கேட்க வேண்டும். அவர்கள் 30 நாளில் பணம் தர வேண்டும், அல்லது ஏன் தரவில்லை என்று சொல்ல வேண்டும். போர்டிங் பாஸ், ஹோட்டல் ரசீது, சாப்பாட்டு ரசீது, இரண்டு படங்கள் எல்லாம் வைத்து அனுப்பினேன். பதிலில் இப்போது மூன்றாவதாக ஒரு காரணம்: "பாதுகாப்பு". பணியாளர் போதாமல் விமானத்தை எடுப்பது பாதுகாப்பல்ல என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2022 ஜூலையிலேயே, விமானப் பயணிகளின் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான கனடியப் போக்குவரத்து முகமை ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியிருந்தது: ஆள் பயிற்சியும் பணி அட்டவணையும் நிறுவனத்தின் பொறுப்பு, ஆகவே ஆள் பற்றாக்குறையைப் பொதுவாக நிறுவனத்தின் கையில் உள்ள காரணமாகவே கொள்ள வேண்டும். இன்னொரு கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன். பழைய பதிலே திரும்ப வந்தது.

இந்த இடத்தில்தான் பக்கத்து ஊரான கிட்டிமாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "எம்.பியின்ட ஒஃபீசுக்கு ஒருக்கா கோல் எடுத்துப் பாருமன்" என்றார். ஒரு ஃபிளைட் ரத்தானதற்கு எம்.பி.யா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் எங்கள் தொகுதியான ஸ்கீனா–பல்க்லி வேலியின் அப்போதைய எம்.பி. டெய்லர் பாக்ராக், இந்த விஷயத்தில் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து பேசியவர். ஸ்மிதர்ஸ் நகரின் முன்னாள் மேயர். 2019-இல் புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் தேர்வானவர். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆயிரக்கணக்கான பயணிகள் விமான நிலையங்களிலும் மெக்சிகோவிலும் சிக்கித் தவித்தபின், 2023 மார்ச்சில் சி-327 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். "பாதுகாப்பு" என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து நழுவும் ஓட்டையை அடைப்பதும், காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பைப் பயணியிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றுவதும் அதன் சாரம்.

தொகுதி அலுவலகத்தில் பேசிய பெண்மணி முதலிலேயே விளக்கிவிட்டார்: முகமை தீர்ப்பளிக்கும் அமைப்பு, இன்னாருக்குச் சாதகமாக முடியுங்கள் என்று எம்.பி. சொல்ல முடியாது. அவர்களால் முடிந்தது, நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் பேரில், முகமையில் நான் புகார் பதிந்தபின் அது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பது. அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். சிகிச்சைக்காகப் போய் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாரையாவது தெரியுமா, நடந்ததை எழுதித் தருவார்களா? தெரிந்தவர்களிடம் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது: தவறிப்போன ஸ்கேன், மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்து நழுவிப்போன டாக்டர் சந்திப்பு. ஒரு ஊரின் குறை சட்டம் இயற்றும் இடம்வரை போகிற வழி இதுதான் என்று அன்று புரிந்தது. அது எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

பிறகு முகமையில் இணையவழிப் புகார் பதிந்தேன். 2023 செப்டம்பர் 30 முதல் அங்கே புதிய முறை. புகார்த் தீர்வு அதிகாரி ஒருவர் முதலில் இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார். ஒத்துவராவிட்டால் அவரே முடிவு சொல்வார். அந்த ஆண்டு ஜூனில் நிறைவேறிய பட்ஜெட் சட்டமான சி-47 தந்த மாற்றம் இது. ரத்துக்குக் காரணம் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணை தொடங்கும். இல்லை என்றால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பாக்ராக்கின் மசோதா கேட்டவற்றில் முக்கியமான ஒன்று இப்படி அரசின் சட்டத்திலேயே வந்துவிட்டது. விதிமீறலுக்கான உச்ச அபராதமும் 25,000 டாலரிலிருந்து 2,50,000 ஆனது. ஆனால் 2023 முடிவில் தேங்கிய புகார்கள் 50,000-ஐத் தாண்டியிருந்தன. பொறுமை வேண்டும்.

எங்கள் புகார் எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுத முடியாது. இரு தரப்பும் சம்மதித்தால் தவிர, இந்தச் செயல்முறையில் நடப்பது எல்லாம் ரகசியம் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரே ஃபிளைட்டில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட என்ன நடந்தது என்று சொல்ல முடியாவிட்டால், ஒவ்வொருவரும் முதலிலிருந்து தனியாகப் போராட வேண்டியதுதான். ஒரே ஆறுதல், அதிகாரி முடிவு சொன்ன புகார்களில் ஃபிளைட் எண்ணும் தேதியும், காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததா என்பதும் முகமையின் தளத்தில் வெளியாகும். புகார் எழுதும் முன் உங்கள் ஃபிளைட் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சி-327 நிறைவேறவில்லை. 2025 ஏப்ரல் தேர்தலில் பாக்ராக் தோற்று, கன்சர்வேட்டிவ் கட்சியின் எல்லிஸ் ராஸ் எம்.பி. ஆனார். மூன்று வகைக் காரணங்களை எடுத்துவிட்டு, "விதிவிலக்கான சூழ்நிலை" தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இழப்பீடு என்று சொல்லும் வரைவு விதிகளை அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்த வரைவைப் படித்துவிட்டு புதிய எம்.பி.யின் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். கேட்டது இரண்டே விஷயம்: வானிலைதான் காரணம் என்றால் எந்த நேரத்து வானிலை அறிக்கை என்று பயணிக்கு அப்போதே எழுத்தில் தர வேண்டும்; சிகிச்சை முடிந்து திரும்புகிறவர்களுக்கு, காரணம் எதுவானாலும், அன்றிரவு தங்க இடம் தர வேண்டும்.